சுவரோரம் வைக்கிற ப்ரொஜெக்டர்

ஜூன் 3
சாப்பாட்டு மேசையில் அண்ணன் எனக்கு ஒரு வேலை கொடுத்தான். வீட்டிலேயே தியேட்டர் வைக்கப் போகிறானாம். "நீதான் கண்டதையும் படிக்கிறியே, எந்த ப்ரொஜெக்டர் நமக்குச் சரிப்படும்னு பார்த்துச் சொல்லேன்."

கண்டதையும். பதிப்பகத்துக்குப் பிழைதிருத்திச் சம்பாதிக்கிறவளுக்கு இந்த மரியாதை போதும். ஆனாலும் உள்ளூரக் குளிர்ந்துதான் போனேன். என்னிடம் கேட்டார்களே.

ஜூன் 5
உள்ளே விளக்கு எரிகிற ப்ரொஜெக்டர் மலிவு. நாள்பட மங்கும், விளக்கை மாற்ற வேண்டும். எல்.இ.டி. நெடுநாள் உழைக்கும்; அறை கும்மிருட்டாக இருந்தால்தான் படம் எடுபடும். லேசர் இரண்டுக்கும் மேல், விலையும்தான். இவை எல்லாவற்றையும்விட முக்கியம் தூரம். சாதாரண வகையைத் திரையிலிருந்து நன்றாகத் தள்ளி வைத்தால்தான் பெரிய படம் விழும். எங்கள் ஹால் அதற்குக் குட்டை.

ஜூன் 6
அண்ணன் டேப்போடு வந்து ஹாலை அளந்தான். பிறகு கதவைத் தட்டாமல் என் அறைக்குள் நுழைந்தான். "கொஞ்சம் காலைத் தூக்கு." என் நாற்காலிக்கு அடியில் டேப் ஓடியது. மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அண்ணி ஹாலில் நின்றாள்.

"நடுச்சுவரை எடுத்துட்டா கச்சிதமா இருக்கும்," என்றான். அவளிடம்.

காலைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 7
'அந்த ரூம்' என்கிறார்கள். 'அவ ரூம்' என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

ஜூன் 10
கிடைத்துவிட்டது. சுவரோரமாகத் தாழ்ந்த மேசையில் வைக்கிற வகை ஒன்று இருக்கிறது. ஒளியைச் சாய்வாக மேலே வீசும். ஒரு முழம் இடம் போதும். சுவரை இடிக்க வேண்டாம். எல்லாரையும் உட்காரவைத்து விளக்கினேன். யாராவது குறுக்கே நடந்தாலும் நிழல் விழாது என்றேன். லேசர், அடிக்கடி விளக்கு மாற்றும் தொல்லை இல்லை என்றேன். எல்லாம் சொன்னேன் — எனக்கு அந்த அறை வேண்டும் என்பதைத் தவிர.

ஏன் சொல்லவில்லை? எனக்காக ஒரு ப்ரொஜெக்டர் வாதாடும் என்று நம்பினேனா?

ஜூன் 14
கடைக்காரர் ஒன்றைக் கொண்டுவந்து போட்டுக்காட்டினார். கீழிருந்து உரசிப்போகிற வெளிச்சத்தில் ஹால் சுவரின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் தெரிந்தது. கதாநாயகியின் கன்னம் அலையடித்தது.

"பொன்னுக்கு வீங்கி வந்தவ மாதிரி இருக்கா," என்றாள் அண்ணி. அப்பா இருமல் வரும்வரை சிரித்தார்.

"இதுக்குன்னே விறைப்பான திரை இருக்கு. அதை மாட்டினா சரியாயிடும்," என்றேன். கடைக்காரரும் ஆமாம் என்றார்.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எதுக்கும்மா இவ்வளவு சுத்தி வளைக்கணும்? நாளைக்கே உனக்குக் கல்யாணம் ஆயிட்டா அந்த ரூம் சும்மாதானே கிடக்கும்?"

கோபமாகச் சொல்லவில்லை. பாசமாகத்தான் சொன்னார். இன்னும் மாப்பிள்ளையே பார்க்கலை, அதுக்குள்ள சுவரை இடிக்கிறாங்க. அம்மா எழுந்து டீ போடப் போயிட்டா. அவளாவது ஒரு வார்த்தை —

ஜூன் 15
அம்மா கேட்டாள்: "புஸ்தகத்தையெல்லாம் பரண்ல போட்டுடவா?"

ஜூன் 27
சுவர் போய்விட்டது. என் கட்டில் சோபாவுக்குப் பின்னால் கிடக்கிறது. படம் முடிந்தால்தான் படுக்கலாம். வாங்கியது சாதாரண வகை. என் மேசை இருந்த இடத்துக்கு நேர் மேலே, கூரையில் தொங்குகிறது. படம் அருமையாக இருக்கிறது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஜூலை 4
வாடகைக்கு ஓர் அறை பார்த்திருப்பதாகவும் ஞாயிற்றுக்கிழமை போவதாகவும் சொன்னேன்.

"அப்படி என்ன குறை வெச்சோம் உனக்கு?" என்றார் அப்பா.

"குறை இல்லப்பா. ரூம் இல்ல."

அண்ணன் சத்தத்தைக் குறைத்தான். படத்தை நிறுத்தவில்லை.

ஜூலை 21
அண்ணன் போன் செய்தான். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தான். "வசனமே சரியா கேக்க மாட்டேங்குது. எந்த ஸ்பீக்கர் வாங்கலாம்னு பார்த்துச் சொல்லேன்."

பார்க்கத் தேவையே இல்லை. ப்ரொஜெக்டரைப் பற்றிப் படித்தபோதே அதையும் படித்து வைத்திருந்தேன்.

"எனக்குத் தெரியாதுண்ணா. கடையில கேளு."

"உனக்கா தெரியாது?" என்று சிரித்தான். நான் சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தான். நானும் காத்திருந்தேன், அவன் போனை வைக்கட்டும் என்று.