எந்தப் பாவம்?

அன்புள்ள அம்மாவுக்கு, தோத்திரம். முட்டிவலி தேவலையா? குருமடத்தில் நான் சௌக்கியம்.

நேற்று அறநெறி வகுப்பில் ஃபாதர், “பசிச்சவன் சோறு திருடினா தப்பா?” என்று கேட்டார். சட்டம் சட்டம்தான் என்றான் ஒருவன். ஓர் உயிர் பிழைக்கிறதே என்றான் இன்னொருவன். நான் “பாவம், ஃபாதர்” என்றேன். திருட்டைப் பாவம் என்பவர்கள் பக்கம் என் பெயரைப் பலகையில் எழுதிவிட்டார்.

“இல்ல ஃபாதர், அவன் பாவம்!” என்றதும் வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “இயேசு இதுல எந்தப் பாவத்த முதல்ல பார்ப்பாரு?” என்றார். அதையே யோசிக்கிறேன்.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு. இங்கே குழம்பில் உப்பே இல்லை.

ஜெப மணி அடிக்கிறது. வில்லியனூரில் உன்னைத் தனியே விட்டுவிட்டு பஸ் ஏறினேனே, அப்போது “பாவம்டா” என்றாய். அது எந்தப் பாவம், அம்மா?

உன் மகன்,
சூசைநாதன்