முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்காத படம்

ஜெர்மனியில், எசன் நகரில் நாம் போகும் அந்தச் சின்னத் திரையரங்கின் கண்ணாடியில் நேற்று ஒரு சுவரொட்டி. புல்வெளி, ஒரு மண் வீடு, கீழே நாம் எழுத்துக்கூட்டிப் படித்துச் சிரித்த அதே கசாக் இயக்குநரின் பெயர். மனுசன் மூன்றாவது படத்தையும் எடுத்துவிட்டாரடி! உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீ இல்லாவிட்டால் என்ன, எழுதுகிறேன்.

அவருடைய முதல் படத்தையும் அங்கேதான் பார்த்தோம். டோட்முண்டில் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டை வீடியோ எடுத்துவிட்டு, பட்டுச்சேலையும் கமராப் பையுமாக வந்து பின்வரிசையில் இருந்தோம். கசாக் கிராமமொன்றில் வளரும் சிறுமியின் கதை. நான் குதிரையும் மலையும் பார்க்கலாம் என்று வந்தேன். படத்திலோ பெரியவர்கள் வாய் திறக்கும்போதெல்லாம் பிள்ளையைத் தண்ணீர் அள்ள அனுப்பினார்கள். கமராவும் அவள் பின்னாலேயே வெளியே போய்விட்டது. குதிரையை ஏன் விற்றார்கள், தகப்பன் எங்கே போனான், ஒன்றையும் முழுதாகக் காட்டவில்லை. எனக்கு எரிச்சல். நீ என் முழங்கையைக் கிள்ளினாய்.

"எங்கடை வீட்டிலையும் இப்பிடித்தானடி. முக்கியமான கதை வந்தா என்னைக் கடைக்கு அனுப்பிப்போடுவினம்."

படம் முடிந்து இயக்குநரே மேடைக்கு வந்தார். முதல் படத்தை எடுத்த கையோடு சோவியத் நாடு உடைந்து, ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டார்களாம். அதற்குப் பிறகு பல வருடங்கள் கல்யாணங்களை வீடியோ எடுத்துத்தான் குடும்பம் நடத்தினாராம். பக்கத்தில் நின்ற பெண் இதை ஜெர்மனில் சொன்னதும் அரங்கமே பரிதாபப்பட்டு உச்சுக்கொட்டியது. நம் பிழைப்பும் அதுதானே, நாம் இருவர் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். இரண்டாவது படத்தை அந்தக் கல்யாணக் கமராவாலேயே எடுத்தேன் என்று அவர் சொன்னபோது நீ சிரிப்பை நிறுத்திவிட்டாய்.

"கேட்டியோ? அந்தாளும் எங்கடை ஆள்தான். நாங்களும் தொடங்குறம்."

உன் கதையைத்தான் எடுக்கத் தொடங்கினோம். யாழ்ப்பாணத்தில் நீ சிறுமியாக இருந்தபோது, அப்பா உங்களை விட்டுவிட்டுப் போன செய்தி வந்த நாளில் உன்னைச் சீனி வாங்க அனுப்பினார்கள். நீ திரும்பி வந்தபோது வீடே வாயை மூடிக்கொண்டது. யாரும் உனக்குச் சொல்லவேயில்லை. ஆனால் உன் படத்தின் கடைசிக் காட்சியில் அம்மா மகளைக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்வதாக எழுதினாய். அந்த அம்மாவாக நீயே நடித்தாய். என் வாடகைத் தோட்டத்தில், ஆப்பிள் மரத்தடியில், ஜக்கெட் போட்ட பிள்ளைகளை வைத்து எடுத்தோம். பனை இல்லாமல் யாழ்ப்பாணமா என்று கேட்டவர்களுக்கு, "பிள்ளை பனையைப் பாக்கிறேல்லை, பெரியாக்களின்ரை முகத்தைத்தான் பாக்கும்" என்றாய். பாதிப் படத்தில், அந்தக் கடைசிக் காட்சியை எடுக்குமுன்பே, உனக்கு நோய் என்றார்கள். கோடை முடியுமுன் நீ போய்விட்டாய்.

செத்தவீடு முடிந்த கையோடு உன் அண்ணை வந்தார். முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் போட ஒரு நினைவு வீடியோ வேண்டும். நமக்குத் தெரியாததா? முகத்தை மெதுவாக ஓடவிட்டு, ரோசாப்பூவைத் தூவி, அழுகைப் பாட்டு ஏற்றி, எத்தனை வீடுகளுக்குச் செய்து கொடுத்திருக்கிறோம்!

"நீங்கள் எடுத்த படத்திலை அவளின்ரை முகம் வாற துண்டுகளை வெட்டித் தாங்கோ பிள்ளை. சனம் கடைசியா ஒருக்காப் பாக்கட்டும்."

"ஏலாது அண்ணை. அது அவளின்ரை படம். நான் முடிக்கப் போறன்."

"நடிச்சவளே இல்லை. எப்பிடி முடிப்பியள்?"

 வெட்டிக் கொடுத்திருந்தால் சனம் அழுதுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கும், உன் படமும் அத்தோடு முடிந்திருக்கும். அதற்கு மட்டும் நான் சம்மதிக்கமாட்டேன். முப்பத்தோராம் நாளன்று மண்டபத்தில் அண்ணை என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் வலித்தது.

வசந்தத்தில் பிள்ளைகளை மறுபடி கூப்பிட்டேன். அம்மாவுக்குப் பதிலாக மாமன் சொல்லட்டும் என்று கடைசிக் காட்சியை மாற்றினேன். மாமனாக நடிக்கத்தான் ஒருவரும் வரவில்லை. நானே ஆண்குரலில் பேசிப் பார்க்க, பிள்ளைகள் விழுந்து சிரித்தார்கள். அப்போது, நீ தோட்டத்தில் விட்டுப்போன சாமான்களை எடுக்க உன் அண்ணை வந்தார். வேலியோரம் நின்று ஒத்திகையைப் பார்த்தார். 

"அண்டைக்கு அவளைக் கடைக்கு அனுப்பினது நான்தான் பிள்ளை" என்றார். பிறகு ஜக்கெட்டைக் கழற்றினார். "நான் எங்கை நிக்கிறது?"

இடத்தைக் காட்டினேன். சீனிப் பையோடு வந்த சிறுமியின் முன்னால் அவர் குந்தினார்.

"உன்ரை அப்பா இனி வரமாட்டார், பிள்ளை. அவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்."

அங்கே காட்சி முடிய வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளை, நாம் எழுதாத கேள்வியொன்றைக் கேட்டுவிட்டாள். "ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?"

உன் அண்ணை வாய்விட்டு அழுதார். நான் கமராவை நிறுத்தவில்லை. நீயும் நிறுத்தியிருக்கமாட்டாய். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பிடிவாதம்தான். இதை வைத்துக்கொண்டு அடுத்த படத்தையும் எடுப்பேன்.