யோக்கன் கதவில் தொங்கும் பலகை

நெக்கர்ஹால்டே,
அக்டோபர் 9

அன்பு மகள் ஸில்கே,

இங்கே நானும் என் மூட்டுவலியும் ஒற்றுமையாக இருக்கிறோம், சிலியில் நீயும் மாப்பிள்ளையும் நலமென்று நம்பித்தான் எழுதுகிறேன். மாடிவீட்டில் உன் அண்ணன் யோக்கனும் நலம், அவனைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போன மாதம் அவன் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டான், சனிக்கிழமை ஊர்வலத்தில் கொடி பிடிக்கப் போவதாகச் சொன்னான். உன் தாத்தா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துமூன்றில் இதே தெருவில் நாஜிகளின் பழுப்புச் சட்டையோடு நடந்தவர், ஊரே ஜன்னலில் நின்று கைதட்டியதாம். நான் பள்ளியில் படித்தபோது அதே ஆட்கள் வேறு பெயரில் வந்தார்கள், பெர்லின் சுவர் இடிந்தபின் மொட்டைத்தலையோடு சில பிள்ளைகள் வந்தார்கள், இப்போது இஸ்திரி போட்ட சட்டையில் வருகிறார்கள். என் மகனும் அதற்குள் போய்விடுவானோ என்றுதான் பயந்தேன்.

எதிர்வீட்டு ஹேர்மீனேதான் வழி சொன்னாள். சனிக்கிழமை வாசல் தெருவைப் பெருக்குவது நம் ஊர் வழக்கம், அதை யார் தடுக்க முடியும்? ஊர்வலம் வரும் நேரத்துக்குத் தெருவே துடைப்பத்தோடு இறங்கிவிட்டது. ஒவ்வொரு இலையாகப் பெருக்கினோம். ஒதுங்கச் சொன்ன போலீஸ்காரரிடம் ஹேர்மீனே, பெருக்கி முடிக்காமல் உள்ளே போனால் அக்கம்பக்கம் என்ன பேசும் என்று கேட்டாள். அவரும் இந்த ஊர்க்காரர்தானே, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றுவிட்டார். முன்வரிசையில் கொடியோடு யோக்கன். கிட்டே போய்த் துடைப்பத்தை நீட்டினேன்.

"அம்மா, மானத்த வாங்காத, உள்ள போ" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"கொடிய எவன் வேணா புடிப்பான்டா. இந்த வாரம் பலகை உன் கதவுலதான் தொங்குது. நீ பெருக்கலன்னா யாரு பெருக்குறது?"

வாரம் ஒரு கதவாக மாறும் பெருக்கும் முறைப் பலகை தொங்கும் வீட்டுக்காரன் பெருக்காமல் விட்டதாக நம் ஊரில் நீ கேள்விப்பட்டதுண்டா? காதெல்லாம் சிவந்துபோய், கொடியைப் பக்கத்திலிருந்தவனிடம் கொடுத்துவிட்டுத் துடைப்பத்தை வாங்கிக்கொண்டான். ஊர்வலம் அவனைச் சுற்றிக்கொண்டு போனது, அவன் சாக்கடை ஓரம்வரை பெருக்கினான், உன்னைவிடச் சுத்தமாகத்தான்.

ஒரே நாளில் மனம் மாறிவிட்டான் என்று நினைக்காதே. சாயங்காலம் கீழே வந்து பருப்பும் ஷ்பேட்ஸ்லே நூடுல்ஸும் இரண்டு தட்டு சாப்பிட்டான், துடைப்பம் தேய்ந்துவிட்டது என்றான், கட்சியைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஞாயிறன்று பலகையை என் கதவுக்கு மாற்றியிருக்க வேண்டும். இன்று புதன், இன்னும் அவன் கதவிலேயே தொங்குகிறது. வரும் சனிக்கிழமையும் ஊர்வலம் இருக்கிறது. நானும் கேட்கவில்லை, புதுத் துடைப்பம் ஒன்று வாங்கி அவன் வாசலில் சாய்த்து வைத்திருக்கிறேன்.

நீங்கள் இருவரும் நூறாண்டு நன்றாக இருங்கள். அண்ணனுக்குப் போன் செய், பலகையைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதே.

உன் அம்மா,
ரோஸ்விதா