கார் டிக்கியில் ஒரு தலைக்கவசம்

கான்சாஸ், நவம்பர் 12

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். இன்று காலை முதல் வேலையாக, எங்கள் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து வீரன் குவின்டனின் தலைக்கவசத்தை என் கார் டிக்கியில் வைத்துப் பூட்டினேன். சிரிக்காதீர்கள். போன சனிக்கிழமை ஆட்டத்தில் அவனுக்குத் தலையில் பலத்த அடி. இப்படி அடிபட்டவர்களின் கவசத்தை ஒளித்துவைப்பது எங்களைப் போன்ற சிகிச்சையாளர்களின் வழக்கம். இல்லாவிட்டால் மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு ஓடிவிடுவார்கள்.

மதியம் வந்து நின்றான்.

"குடுங்க மிஸ். வர்ற சனிக்கிழமை என் கடைசி ஆட்டம். எங்கம்மா மூணு பஸ் மாறி வர்றாங்க."

"ஞாபகசக்தி சோதனையில பன்னெண்டு வார்த்தை சொன்னேன், அஞ்சுதானேப்பா ஞாபகம் இருந்துச்சு?"

"நல்லா இருந்தப்பவே எனக்கு அவ்வளவுதான் மிஸ்!"

சிரித்துவிட்டேன். அவன் கண் கலங்கியிருந்தது.

"ஜெயிச்சா பட்டம் நமக்கு. உன் கையெழுத்துதான் பாக்கி, லொரெய்ன்" என்கிறார் பயிற்சியாளர் ஹால்வர்சன். அடுத்த ஆண்டு எனக்கு வேலை உண்டா என்பதும் அவர் முடிவுதான்.

உங்கள் பச்சைக் கம்பளிச் சட்டையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

பயிற்சிக்கு விசில் ஊதிவிட்டார்கள், ஓட வேண்டும். இங்கே யாரிடமும் இன்னும் சொல்லவில்லை: குவின்டன் ஆடலாம் என்று நான் கையெழுத்துப் போடப்போவதில்லை.

உங்கள் லொரெய்ன்