மேஸ்திரி தொடாதே என்ற பட்டன்

அன்புள்ள அம்மாவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், உன் மகன் தன் சட்டைக்குத் தானே பொத்தான் தைத்துவிட்டான். கோணல்தான், ஆனால் நிற்கிறது. உன் முதுகுவலி தேவலையா? அப்பா மாத்திரை போடுகிறாரா?

ஒர்க்‌ஷாப்பில் ஒரு பந்தயக் காருக்கு நைட்ரஸ் மாட்டுகிறோம். பல் டாக்டர் கொடுக்கும் சிரிப்பு வாயுவேதான். என்ஜினுக்குள் போனால் பெட்ரோல் வெறிபிடித்து எரியும், கார் பறக்கும். டிக்கியில் சிலிண்டரை அசையாமல் இறுக்கியது நான்தான். நான் இல்லாமல் இங்கே ஒரு நட்டுகூடத் திரும்பாது!

மேஸ்திரி ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: "என்ஜின் ஓடாதப்போ வாயுவைத் திறந்துவிடற அந்தப் பட்டனைத் தொட்டுடாதடா. வாயு உள்ளேயே தங்கிடும், ஸ்டார்ட் பண்ணா வெடிச்சிடும்."

நேற்று லேசாக 'டப்' என்று ஒரு சத்தம். பயப்படாதே, யாருக்கும் அடியில்லை. ஆனால் அதிலிருந்து மேஸ்திரி என்னோடு பேசவில்லை. திட்டினாலாவது நிம்மதியாக இருக்கும். இதை எழுதுவதற்குள் நான்கு முறை எழுந்து வாசலைப் பார்த்துவிட்டேன். வேலைக்கு வா என்பாரா, வீட்டுக்குப் போ என்பாரா? இந்த வேலையையாவது விடமாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தேனே.

கொஞ்சம் விளக்கெண்ணெய் அனுப்பு. தடவினால் புருவம் வளருமாமே?

சரி, சொல்லிவிடுகிறேன். மேஸ்திரி காரை ஸ்டார்ட் பண்ணியதும் வந்த சத்தம் 'டப்' இல்லை, 'டமார்'. சிலிண்டரை இறுக்கியது மேஸ்திரி, நான் டார்ச் பிடித்தேன். அவர் அந்தப் பக்கம் போனதும், வாயு சீறுவதைக் கேட்கும் ஆசையில் பட்டனை அமுக்கினேன். அந்தக் காரில் நானாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

அவசரமாக,
உன் மகன்