பால் காத்திருந்தது என்று சொன்னேனே

கோவில்பட்டி,
செவ்வாய்க்கிழமை.

என் ராசாத்தி அஞ்சலினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் இங்கே சுகம். நீயும் சுகமா என்று இந்த நேரத்தில் கேட்கக் கை கூசுகிறது. ஆனால் அதைக் கேட்காமல் எனக்குக் கடிதம் தொடங்கத் தெரியாது, அதனால் கேட்டுவிட்டேன். சாப்பிட்டாயா? வெறும் பிரெட்டைத் தின்றுவிட்டு இருக்காதே, மாப்பிள்ளை ஜோபினைக் கொஞ்சம் கஞ்சியாவது காய்ச்சித் தரச் சொல்.

இங்கே மழை பிந்தி வந்து ஒரே மூச்சில் ஊற்றிவிட்டுப் போயிற்று. பசுவந்தனைக் காட்டில் மக்காச்சோளம் கதிர் பிடித்திருக்கிறது, பன்றி வந்து பாதியை உழக்கிவிட்டது என்று அப்பா தினமும் போய்ப் பார்த்துவிட்டு செருப்பில் ஒரு வண்டிக் கரிசலோடு வந்து நிற்கிறார். முற்றத்தைக் கழுவிக் கழுவி என் இடுப்பு போய்விட்டது. பேரன் போன நாளிலிருந்தே அவர் அதிகம் பேசுவதில்லை. பத்தொன்பது நாள் ஆகிறது. நீயும் எண்ணிக்கொண்டுதான் இருப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை ஜோபின் போன் பண்ணினார். பாவம், அந்த மனுஷன் அழுதுவிட்டார். டாக்டர் பால் நிற்கத் தந்த மாத்திரையை நீ தொடவே இல்லையாம். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை மெஷினை வைத்து எடுத்து, பையில் ஊற்றி, தேதி எழுதி, பிரீசரில் அடுக்குகிறாயாம். மீன் வைக்க இடமில்லாமல் போய்விட்டது, அத்தை, அது கூடப் பரவாயில்லை, யாருக்கு எடுக்கிறாய் என்று கேட்டால் அவள் சொல்லுகிற பதில்தான் பயமாக இருக்கிறது என்றார். நீ சொன்னதாக அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “நானும் செத்துப் போனேன்னு சொல்லித் திரும்பி வந்தவதான். நான் வந்தப்போ எங்க அம்மாகிட்ட பால் இருந்துச்சு. எனக்கும் இருக்கணும்.” கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது என்று பொய் சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். சிலிண்டரும் வரவில்லை ஒன்றும் வரவில்லை.

போனில் பேசினால் என் வாய் மறுபடியும் ஏதாவது நல்லதாகச் சொல்லிவிடும். அதனால்தான் உன் பழைய ரெக்கார்டு நோட்டைக் கிழித்து எழுதுகிறேன். முடித்ததும் அப்பா போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புவார்.

ஏட்டி, வருஷா வருஷம் சபையே கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகையில் நான் எழுந்து நின்று சாட்சி சொல்லுவேனே, நீ முன் பெஞ்சில் ரிப்பன் கட்டி உட்கார்ந்து கேட்பாயே. எட்டாம் மாதத்தில் பிறந்து மூச்சுக்குத் திணறின பிள்ளையைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள், இறந்துவிட்டது என்று செய்தி வந்தது, நான் நம்பவில்லை, ஊரே கட்டச் சொல்லியும் பாலைக் கட்டவில்லை, ஒன்பதாம் நாள் பிள்ளை உயிரோடு வந்தபோது பால் காத்திருந்தது என்று. சபையே அல்லேலூயா சொல்லும். அப்பா அப்போது தலையைக் குனிந்துகொள்வார். ஜெபிக்கிறார் என்று நீ நினைத்திருப்பாய். அது ஜெபம் இல்லை. பால் காத்திருக்கவில்லை, அஞ்சலின். நான் சொன்னது பொய்.

நடந்ததைச் சொல்கிறேன். அப்போது நாம் கோவில்பட்டிக்கு வரவில்லை, பசுவந்தனைப் பக்கம் ஊரில்தான் இருந்தோம். எனக்கு ரத்தம் நிற்காமல் எழுந்திருக்க முடியாது, அதனால் உன்னை அப்பாதான் தனியே கொண்டுபோனார். நாலாம் நாள் லாரி ஓட்டுகிற பூவனநாதன் திருநெல்வேலியிலிருந்து வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் அப்பா வெள்ளைத் துணியில் சுற்றிய பிள்ளையை ஏந்திக்கொண்டு அழுதுகொண்டு நின்றதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். அவர் பார்த்தது மெய்தான். ஆனால் அது நீ இல்லை. ஆஸ்பத்திரியில் உன் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்துப் பெட்டியில் இருந்த, புதூர்க்காரர் ஒருவருடைய பிள்ளை. அந்த மனுஷன் ஆட்டோ பிடிக்கப் போனபோது அப்பா வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். ஓடையில் தண்ணீர் போய் பஸ் நின்றுவிட்டது, யாரும் போய்ப் பார்க்க வழியில்லை.

அப்பாவின் அக்கா, உன் பெரிய அத்தை, அன்றைக்குச் சொன்னார்கள். “பொறு வேதமணி, தம்பி வந்து சொல்லட்டும், ஒரு ஆளு பாத்தான்னு நாம எதையும் கட்டக் கூடாது.” அவிய அவ்வளவு சொல்லியும் நான்தான் கேட்கவில்லை. சட்டையெல்லாம் நனைந்து நனைந்து, வெளியே ஆட்டுக்குட்டி கத்தினால்கூட எனக்குச் சுரந்தது. அந்த ஈரம் எனக்குப் பொறுக்கவில்லை. கட்டுங்கள், கட்டாவிட்டால் கிணற்றில் விழுந்துவிடுவேன் என்று கத்தினேன். பிறகு பால் வற்ற மல்லிகைப்பூவை வாங்கி வந்து மார்போடு வைத்து வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். வாடினதும் எடுத்துவிட்டுப் புதுப் பூ. ஐந்து நாள். கல்லாகக் கட்டி, காய்ச்சல் வந்து, வற்றியும் போயிற்று. ஒன்பதாம் நாள் அப்பா உன்னை உயிரோடு கொண்டுவந்து மடியில் போட்டார். நீ வாயைத் திறந்து தேடினாய். பூ வாசனை இன்னும் போகவில்லை, நீ அதிலேயே முகத்தைப் புதைத்துச் சப்பினாய், ஒன்றும் வரவில்லை, விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். அந்தப் பார்வை இன்றைக்கும் என்னை விடவில்லை. வெள்ளைத்தாய் என்று ஆடு மேய்க்கிற கீதாரி வீட்டுப் பெண், அவள் ஆட்டுப் பாலில்தான் நீ பிழைத்தாய். பூ வைக்காத பெந்தெகொஸ்தேக்காரங்களாம்மா நாம, நீ பூவே வைக்க மாட்டேங்கியே என்று கேலி பண்ணுவாயே, காரணம் அதுதான். உன் கல்யாணத்தில்கூட மாலைப் பக்கம் நான் வரவில்லை.

இங்கே வந்த பிறகு தெரியாத சபை, தெரியாத முகங்கள். முதல் வருஷம் சாட்சி சொல்லும்போது வாய் தானாகச் சொல்லிவிட்டது. நல்ல தாயாக இருக்க எனக்கும் ஆசையாக இருந்தது. அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தப் புதூர்ப் பெண்ணை நான் போய்ப் பார்க்கவே இல்லை. அவளிடம் பால் இருந்தது, பிள்ளை இல்லை. என்னிடம் பிள்ளை இருந்தது, பால் இல்லை. அவள் பிள்ளை செத்ததைத்தான் நான் முப்பது வருஷமாக அற்புதமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். பஸ்ஸில் புதூர் என்று போர்டு பார்த்தால் இப்போதும் முந்தானையை இழுத்து மார்பை மூடிக்கொள்கிறேன்.

அதனால் கேள். உனக்கு வந்தது லாரிக்காரர் சொன்ன செய்தி இல்லை. நீ மடியில் வைத்துப் பார்த்தாய். அவன் விரல் உன் விரலைப் பிடித்து, பிறகு விட்டதை நீதான் என்னிடம் சொன்னாய். அடக்கத்தன்றைக்கு ஜோபின் போனைத் திருப்பிக் காட்ட, நானும் அப்பாவும் அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்தோம். நம்ம பிள்ளை வரமாட்டான், அஞ்சலின். இதை உனக்கு வேறு யார் சொன்னாலும் நீ நம்பமாட்டாய், என் பொய்யை நம்பினவள் நீ, அதனால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் தெரு நர்ஸ் இசக்கிசெல்வியிடம் உன் பெயர் சொல்லாமல் கேட்டேன். “ஒரேயடியா நிறுத்தக் கூடாது அக்கா. வலி தணியுத அளவுக்கு மட்டும் எடுக்கணும், முழுசா எடுத்தா இன்னும் ஊறும். நாலு மணி, ஆறு மணின்னு தள்ளித் தள்ளிப் போகணும்” என்றாள். குளிர்ந்த துணி வைக்கலாமாம். இறுக்கிக் கட்டவே கூடாதாம், அதைக் கேட்டதும் எனக்குப் பழைய காய்ச்சல் ஞாபகம் வந்தது. மாத்திரையை இப்போது போடலாமா என்று உன் டாக்டரிடமே கேள், பத்தொன்பது நாள் ஆகிவிட்டது என்பதையும் சொல். சிவந்து கட்டிக்கொண்டாலோ காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே போ, நாளைக்கு என்று இருக்காதே.

பிரீசரில் இருப்பதை ஜோபின் சிங்க்கில் ஊற்றிவிடப் போகிறார், அவரிடம் சொல்லி வை. மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வழி இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் விசாரி. இல்லையென்றால் கால் படாத இடத்தில் ஒரு செடி மூட்டில், வேரடியில் நீயே ஊற்று. பால் நின்றுபோனால் அவனை மறந்துவிடுவோம் என்று பயப்படாதே. எனக்கு அந்த ஐந்தே நாளில் நின்றது, எதுவும் மறக்கவில்லை.

வருகிற ஞாயிறு அசனம். எழுந்து நின்று உள்ளதைச் சொல்லலாம் என்று இருக்கிறேன், தைரியம் இருந்தால். அப்பா இதைப் போட்டோ எடுக்கும்போது வாசிப்பார், வாசிக்கட்டும்.

ஆண்டவர் உன்னைத் தம் கையில் ஏந்திக்கொள்வாராக, ஜோபினுக்கும் நல்ல உறக்கத்தைத் தருவாராக. டாக்டரிடம் கேட்டுவிட்டு எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு, பேச வேண்டாம். ஒரே ஒரு பையை மட்டும் வைத்துக்கொள்ள உனக்கு மனசு கேட்டால் வைத்துக்கொள். அதைப் பற்றி நான் ஒருநாளும் கேட்கமாட்டேன்.

உனக்குப் பால் தராத அம்மா,
வேதமணி தேவஆசீர்வாதம்.