தட்டினால் தாண்டும் பாட்டு

மார்ச் 4

கண்ணாடிக் கடை முதலாளியம்மாவுக்கு,

நான் நலம். நீயும் கடையும் நலமென்று நம்புகிறேன். போனில் பேசினால் நலம் விசாரித்து முடிப்பதற்குள் இருவருக்கும் குரல் ஏறிவிடுகிறது, எதுவானாலும் எழுதுங்கள் என்று நீ சொன்னபடி எழுதுகிறேன்.

இரண்டு வருடமாகத் தனித்தனியே இருந்தாயிற்று, இனி அந்த வீடு எதற்கு, விற்றுவிடலாம் என்று நீ கேட்டது நியாயம்தான். வீட்டைப் பார்க்கப் புதிதாகக் கல்யாணமான இருவர் வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு நம் சமையலறை ஜன்னல் பிடித்துவிட்டது. கையெழுத்துப் போடவேண்டிய தாளை புரோக்கர் உனக்கே அனுப்புவார். பொருள்களைப் பிரிப்பதில் தகராறு இல்லை. பீரோ உனக்கு, கட்டில் எனக்கு, சாப்பாட்டு மேஜை யாருக்கும் வேண்டாம். பாட்டுத்தான் இடித்தது. ஒவ்வொரு இசைத்தட்டும் நாம் சேர்ந்து போய், கடையிலேயே சண்டை போட்டு வாங்கியது. எது யாருடையது என்று எந்த நீதிபதியாலும் சொல்ல முடியாது.

நம் பெண்தான் வழி சொன்னாள். லீவில் வந்தவள், சுவர் முழுக்க அடுக்கியிருந்ததையெல்லாம் ஒரு கணினிக்குள் ஏற்றிவிட்டாள். இத்துடன் வரும் குட்டிப் பெட்டியை உன் கடை இன்டர்நெட்டில் சேர்த்துவிட்டால் போதும், இங்கே இருக்கிற பாட்டெல்லாம் அங்கே பாடும். இதே மாதிரி இன்னொன்று என் சமையலறையில் இருக்கிறது. மேலே ஒரு பெரிய பொத்தான். லேசாகத் தட்டினால் அடுத்த பாட்டு, அழுத்திப் பிடித்தால் நிற்கும். பச்சை விளக்கு எரிந்தால் எல்லாம் சரி. இங்கே கணினியின் பிளக்கைப் பிடுங்கினால்தான் சிவப்பு எரியும். நான் பிடுங்கப்போவதில்லை.

இப்படிக்கு,
முன்னாள் லிஃப்ட் மெக்கானிக், இந்நாள் வீட்டுக் காவலாளி


மார்ச் 11

வீட்டுக் காவலாளிக்கு,

பெட்டி உடையாமல் வந்து சேர்ந்தது. லென்ஸ் அலமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். முதல் பாட்டு வந்ததும் கையிலிருந்த ஃபிரேமைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நன்றி. மனதாரச் சொல்கிறேன்.

இனிமேல் புகார். உங்கள் பெட்டிக்குப் பிடிவாதம் அதிகம். நான் மேளம் வைத்த பாட்டாகப் பார்த்துத் தட்டி வைத்தால், பாதியில் உங்கள் புல்லாங்குழல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நேற்று ஒரு பெரிய மனிதரை நாற்காலியில் உட்கார வைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். குழல் ஆரம்பித்தது. "அடுத்த வரி படிங்க சார்" என்றேன். எட்டிப் பார்த்தால் மனிதர் தூங்குகிறார். அவருக்குக் கண்ணில் கோளாறா, என் கடையில் கோளாறா என்று வாசலில் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதுவே நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து யாரும் கூப்பிடாமலே பாட ஆரம்பிக்கிறது. அந்த ஓடக்காரன் பாட்டும் வந்தது. கீறலையும் சேர்த்தே ஏற்றியிருக்கிறாள் உங்கள் பெண். "ஓடம், ஓடம், ஓடம், ஓடம்" என்று மாட்டிக்கொண்டதும் என் கை தானாகப் போய்ப் பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டியது. ரிக்கார்டு பிளேயரைத் தட்டிய பழைய பழக்கம். பாட்டு ஒரேயடியாகத் தாண்டிப் போய்விட்டது.

புரோக்கரின் தாள் வந்தது. இந்த வாரம் கடையில் கூட்டம். பிறகு கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
கண்ணாடிக் கடை


மார்ச் 17

கண்ணாடிக் கடைக்கு,

உன் கடிதம் வருமுன்பே இங்கே பேய் பிடித்துவிட்டது. நிம்மதியாகக் குழல் கேட்டபடி சவரம் செய்துகொண்டிருக்கிறேன், தடதடவென்று மேளம். தாடையில் வெட்டு. கணினியைத் திறந்து தூசி தட்டினேன், திருகுகளை இறுக்கினேன், திட்டியும் பார்த்தேன். அசையவில்லை.

பிறகு ஒருநாள் ஓடக்காரன் பாட்டு வந்தது. பெட்டி சமையலறையில், நான் ஈரக் கையோடு குளியலறை வாசலில். ஓடம், ஓடம், ஓடம், ஓடம். அந்த இடத்தில் பாட்டு தாண்டியது. நான் தட்டவில்லை. நானாக இருந்தால் இரண்டாவது ஓடத்திலேயே தட்டியிருப்பேன். நாலு ஓடம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டுத் தட்டுகிற ஆள் இந்த உலகத்தில் ஒருத்திதான். அதற்காகவும் நாம் சண்டை போட்டிருக்கிறோம். "அடிப்பாவி, இது அவ கை" என்று வாய்விட்டே சொன்னேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் நம்பமாட்டாய்.

தவறு என்னுடையதுதான். இரண்டு பெட்டிகளையும் கணினியில் சேர்க்கும்போது, எல்லா இடத்திலும் ஒரே பாட்டா, தனித்தனியா என்று கேட்டது. பாகம் பிரிக்கிற விஷயமாயிற்றே, யாருக்கும் ஒரு பாட்டுக்கூடக் குறையக்கூடாதென்று 'ஒரே பாட்டு' என்பதை அழுத்திவிட்டேன். லிஃப்ட் ஒன்றுதான், இரண்டு மாடியிலிருந்து பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறோம். மதியம் நிற்பது நான் தூங்கப் போவதால். அந்தப் பெரிய மனிதரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிடு.

தனித்தனியாக மாற்ற ஒரு நிமிட வேலை. மாற்றிவிடட்டுமா? உன் பதில் வரும்வரை கை வைக்கமாட்டேன்.

இப்படிக்கு,
கீழ்மாடிப் பொத்தான்

பி.கு: எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுது. உன் கடிதத்தைப் படிக்கக் கையை நீட்டி நீட்டித் தோள் வலிக்கிறது.


மார்ச் 22

கீழ்மாடிக்கு,

கடையில் ஆள் இருப்பதை மறந்து சிரித்தேன். மாற்றவேண்டாம். தொட்டீர்களானால் தெரியும் சேதி.

இப்போது கடையைத் திறந்ததும் பெட்டியைத்தான் பார்க்கிறேன். குழல் வந்தால் உங்களுக்குக் காபி ஆயிற்று என்று அர்த்தம். பழைய சோகப் பாட்டாக வந்தால் முழங்கால் வலி. புதன்கிழமை வெகுநேரம் சத்தமே இல்லை. ஒரு பெண்ணுக்கு வலது கண் பவரை இடது கண்ணுக்கு எழுதிவிட்டேன். பிறகு நீங்கள் ஏதோ ஒரு கல்யாணப் பாட்டை வைத்தீர்கள், எனக்கு உயிர் வந்தது. அன்று காலையில் எங்கே போயிருந்தீர்கள்?

ஒன்று கேட்கவேண்டும். என் அண்ணன் இந்தக் கடையை என்னிடம் ஒப்படைத்தபோது நாம் இருவருமே இந்த ஊருக்கு வந்துவிடலாம் என்றேன். "இத்தனை இசைத்தட்டையும் யாரு தூக்குறது? நான் வரல" என்றீர்கள். "அதுங்களோடயே குடும்பம் நடத்துங்க" என்று நானும் துணிப் பெட்டியைத் தூக்கினேன். இப்போது அந்தச் சுவர் முழுவதும் ஒரு கணினிக்குள் இருக்கிறது என்கிறீர்கள். அது எவ்வளவு பெரியது?

தாளில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கடையில் பேனாவுக்குப் பஞ்சம்.

இப்படிக்கு,
மேல்மாடி


மார்ச் 28

மேல்மாடிக்கு,

புதன்கிழமை பல் டாக்டரிடம் போயிருந்தேன். வேறொன்றும் இல்லை.

கணினியை அளந்து பார்த்தேன். நான் வேலைக்குக் கொண்டுபோன சாப்பாட்டு டப்பா அளவு. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளலாம். அதைக் கையில் தூக்கிப் பார்த்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது.

நீ கேட்டது புரிகிறது. ஆனால் அளவைத்தான் கேட்டாய், வாருங்கள் என்று எழுதவில்லை. உன் ஊரில் எல்லாம் ஒற்றை மாடிக் கட்டடம், லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கும்பிடக்கூட ஒரு லிஃப்ட் கிடையாது. அதெல்லாம் சாக்கு. தனியாகச் சாப்பிட எனக்குப் பிடிக்கவில்லை. அந்த இளம் ஜோடி மறுபடி வந்து பதில் கேட்டார்கள். சாப்பாட்டு மேஜையையும் விட்டுவிட்டுப் போவீர்களா என்று கேட்டாள் அந்தப் பெண். எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. பாட்டு மட்டும் ஒன்றாக இருந்து நாம் இரண்டாக இருக்கப்போகிறோமா என்பதை நீதான் சொல்லவேண்டும்.

உன்,
கீழ்மாடி


ஏப்ரல் 2

என் கீழ்மாடிக்கு,

தாளில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். வீட்டை அந்தப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். மேஜையைக் கொடுக்காதீர்கள், பின்னால் லாரியில் வரட்டும். கடைக்கு மேலே இரண்டு அறை இருக்கிறது, அதில் ஒன்று இரண்டு வருடமாகச் சும்மா கிடக்கிறது. முதலிலேயே இதை எழுதியிருக்கலாம், ரோஷம் விடவில்லை.

வாருங்கள். எனக்கு நீங்கள் வேண்டும்.

உன் மேல்மாடி என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

பி.கு: எழுத்தைப் பெரிதாக்கமாட்டேன். வந்ததும் முதல் வேலை உங்கள் கண்ணைப் பரிசோதிப்பதுதான்.


ஏப்ரல் 8

உங்களுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. தினமும் தபால்காரரை நான் பார்க்கிற பார்வையில் அவர் தெருவின் எதிர்ப்பக்கமாகப் போக ஆரம்பித்துவிட்டார்.

இன்று காலை ஓடக்காரன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "ஓடம், ஓடம், ஓடம், ஓடம்" என்று மாட்டியது. தட்டலாமென்று கையை ஓங்கினேன், பாட்டு நின்றேவிட்டது. தட்டிப் பார்த்தேன், அழுத்திப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தது.

எழுதவேண்டும் என்ற சட்டத்தை நானே மீறிப் போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. நம் பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அம்மா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று வைத்துவிட்டாள். கோபமாக வந்தது. உங்கள் முதல் கடிதத்தை எடுத்து, பிடுங்கமாட்டேன் என்று எழுதிய இடத்தைக் காட்டிச் சண்டை போடலாமென்று படித்தேன். அப்போதுதான் உறைத்தது. டப்பா அளவுக் கணினியை மடியில் வைத்துக்கொண்டு வரவேண்டுமென்றால் முதலில் பிளக்கைப் பிடுங்கித்தானே ஆகவேண்டும். பஸ் சத்தத்தில் உங்களுக்கு என்றைக்குப் போன் கேட்டிருக்கிறது?

சிவப்பு விளக்கை அணைக்கவில்லை, எரியட்டும் என்று விட்டுவிட்டேன். கண் பரிசோதிக்க வந்தவர்களை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறதென்று நினைத்தேன், ஆனால் இப்போதே ஒன்று வந்து நிற்கிறது. ஒருவர் இறங்குகிறார். எதையோ மார்போடு அணைத்துக்கொண்டு, எதிர்க் கடையின் பெயர்ப் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார். என் கடை இந்தப் பக்கம் இருக்கிறது. கண் சுத்தமாகத் தெரியவில்லை அவருக்கு.

இதைத் தபாலில் போடவேண்டியதில்லை. நானே போய்க் கையைப் பிடித்து அழைத்து வருகிறேன்.